தராசு கொடுத்த ஒன்பது

வண்டி ஓட்டிய தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், தராசு இந்தப் பூமியைப் பலமுறை சுற்றி வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஓர் ஊருக்கும் போனதில்லை. காலையில் மோட்டார் சைக்கிள் கம்பெனியின் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குவார். ஷெட்டில் நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் முட்டை வடிவப் பாதையில் ஏறுவார். பகலெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் அதே ஷெட்டில் இறங்கி, அதே பஸ்ஸைப் பிடிப்பார்.

"செக்குமாட்டுக்காவது எண்ணெய் வாசனை உண்டு. நமக்கு டயர் நாத்தம்தான்" என்பார். இதையும் சிரிக்காமல்தான் சொல்வார். சிரிப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே.

புது வண்டிகள் கடைக்குப் போகும் முன் அவற்றை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவர் வேலை. வாலிபத்தில் பார்சல் மூட்டைகளைப் பழைய வண்டியில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர். அந்த அலைச்சலுக்கு இது மேல் என்று இங்கே வந்து சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒருநாள், ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து, "பின் டயர்ல காத்து ரெண்டு பவுண்டு கம்மி" என்றார். அளந்து பார்த்தார்கள். ரெண்டேதான் கம்மி. அன்றைக்கு விழுந்த பெயர்தான் தராசு. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று இப்போது கேன்டீன்காரருக்குத் தெரியாது. சம்பளப் பிரிவில் இருப்பவர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

இடுப்பு போய்விட்டது. கழுத்தைத் திருப்பினால் நெரிகிறது. விடுமுறை நாளில் இருசக்கர வண்டியைக் கண்ணால் பார்க்கவும் அவருக்குப் பிடிக்காது. சொந்தமாக வைத்திருந்ததையும் விற்றுவிட்டார்.

"ஊர் உலகத்துக்கு வண்டி ஓட்டிப் பாத்துச் சொல்ற மனுஷன், பொண்டாட்டியை பஸ்ல நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறார்" என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

"சமையல்காரன் வீட்டுக்கு வந்தும் கரண்டி பிடிப்பானா?"

"பிடிக்கிறானோ இல்லையோ, பட்டினி போடமாட்டான்."

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். பேச்சிலும் ஊசி உண்டு.

அந்த வருஷம் கம்பெனி எல்லா நம்பிக்கையையும் ஒரே வண்டியின் மேல் வைத்திருந்தது. எழுநூறு சிசி, இரட்டை சிலிண்டர். பந்தய வண்டி மாதிரி குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம், பெரிய பயண வண்டி மாதிரி சோபாவில் சாய்ந்த கணக்காகவும் போக வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஹேண்டில்பார் கொஞ்சம் உயரம், கால் வைக்கும் இடம் கொஞ்சம் பின்னால். முன்கண்ணாடியை ஓடும்போதே ஒற்றைக் கையால் ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றிவிட்டால் நெஞ்சில் அறையும் காற்று தோளுக்கு மேலே போய்விடும். இரண்டு பக்கமும் பெட்டிகள். டாங்கை நிரப்பினால் நானூறு கிலோமீட்டருக்கு பங்க் பக்கம் திரும்ப வேண்டாம். கிளட்சைத் தொடாமல் கியர் மாற்றலாம். மழைக்கு ஒரு நடை, சாதாரணச் சாலைக்கு ஒரு நடை, முறுக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நடை என்று மூன்று வைத்திருந்தார்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்காமல் வண்டியே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது அது இழுத்த இழுப்பில், எத்தனையோ வருஷம் கழித்துத் தராசுக்கே ஒரு நிமிஷம் வயசு குறைந்தது.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு சண்டை பாக்கி இருந்தது.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இடத்திலும் பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் கம்பியிலும் ரப்பர் புஷ் என்ற வளையத்தை வைத்தால், இன்ஜினின் அதிர்வு கைக்கும் காலுக்கும் வராது. ஆனால் வளைவில் ஹேண்டில் கொஞ்சம் குழையும். ரப்பரை எடுத்துவிட்டால் நினைத்த இடத்தில் வண்டி திரும்பும், கைக்கு அதிர்வு வரும். வேகக்காரர்கள் எடு என்றார்கள், பயணக்காரர்கள் வை என்றார்கள். வண்டிக்குப் பொறுப்பாக இருந்த இன்ஜினியர் ஒரு பெண். அவள் யார் பேச்சையும் கேட்காமல், "அண்ணா ஓட்டிட்டுச் சொல்லட்டும்" என்றாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுற்றி முடித்து வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன் பத்துக்கு எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். ஹெல்மெட் கழன்றால் வாய் கழலும்; ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அப்படி. ரப்பர் இல்லாத வண்டியை ஓட்டிவிட்டு வந்த தராசு, ஹெல்மெட்டுக்குள் இருந்தே, "அதிர்வுக்கு ஒன்பது. பால் மாதிரி போகுது மேடம்" என்றார்.

அடுத்து ஓட்டியவனுக்கு அவசரம் என்று பெயர். டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன். அவன் சொன்னது நாலு.

தராசின் எண்ணிலிருந்து ரொம்ப விலகி யார் சொன்னாலும் மறுபடி ஓட்ட வேண்டும். அவன் மறுபடி ஓட்டினான். நாலு. அதற்கப்புறமும் நாலு. "உனக்கு இன்னும் கை பழகலைப்பா" என்று அவனை ஸ்கூட்டர் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது அவன் தராசைப் பார்த்து, "நல்லா இருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அது வாழ்த்து இல்லை என்பது நின்றிருந்த எல்லாருக்கும் புரிந்தது.

ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த, அதிர்வை அளக்கும் மீட்டரும் ஒரு வேகத்தில் துள்ளியது. ஆனால் போன வண்டியில் அதே மீட்டர் சரியாக ஒட்டாமல் பொய் சொல்லியிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் தராசுதான். அதனால் இன்ஜினியர் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டாள். ரப்பரை எடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பின்சீட்டில் ஆள் ஏற்றி, பெட்டிகளை நிரப்பி ஓட்டும் பரீட்சை மட்டும்தான் மிச்சம்.

இதற்கு நடுவே தராசுக்குக் கண்ணில் ஒரு சந்தேகம். கொஞ்ச நாளாகப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வருவது கலங்கலாகத் தெரிந்தது. வயசாகிவிட்டது என்று கண் டாக்டரிடம் போனார். டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "உங்க பார்வைக்கு ஒண்ணும் இல்லை. என் பார்வையைவிட நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். தராசு நம்பவில்லை. வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பின்சீட் பரீட்சைக்கு மூட்டை வந்தான். முன்பெல்லாம் பின்சீட்டில் மணல் மூட்டையைக் கட்டித்தான் ஓட்டுவார்கள். மூட்டை வளைவில் சாயாது, பிரேக் பிடித்தால் முன்னால் வராது. மனுஷன்தான் வேண்டும் என்று ஆன பிறகு, சரியான எடையில் கிடைத்தவன் இவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலையே உட்கார்ந்திருப்பதுதான். "ஊர்ல எல்லாரும் உடம்பைக் குறைன்னு சொல்றாங்க. இங்க ஒரு கிலோ குறைஞ்சா திட்டு விழுது. நான் யாருக்குன்னு வாழறது?" என்பான்.

பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. அன்றைக்கு ஆறாவது கியரில், நீண்ட சாலையில் எல்லாரும் போகிற வேகத்தில், வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. தராசுக்குத் தூக்கம்கூட வரும்போல இருந்தது. அப்போது தோளில் மூட்டை இரண்டு தட்டுத் தட்டினான்.

ஓரமாக நிறுத்தினார். மூட்டை இறங்கி ஒற்றைக் காலை உதறினான்.

"என்னடா?"

"கால் மரத்துப்போச்சு அண்ணே. மிக்ஸி மேல உட்காந்த மாதிரி இருக்கு. இன்னும் நாலு சுத்துப் போனா என்னைச் சட்னியா வழிச்சு எடுக்கணும்."

"எங்கடா அதிருது? நான் ஒருத்தன் முன்னாடி உட்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு அதிரலையா?"

"இல்லையே."

மூட்டை அவரை ஒரு தினுசாகப் பார்த்தான். கேலி செய்கிறாரோ என்று பார்த்த மாதிரி இருந்தது. "அண்ணே, அந்த வேகத்துல போகும்போது கண்ணாடியைப் பாத்தீங்களா? கண்ணாடியே நடுங்குது. பின்னாடி இருக்கற எனக்குத் தெரியுது."

தராசு பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். வண்டி நின்றிருந்தது. பின்னால் இருந்த வேலியும், வேலியில் மாட்டியிருந்த பலகையும், பலகையின் எழுத்தும் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தன.

கண்ணில் குறை இல்லை. கண்ணாடி நடுங்கியிருக்கிறது. கண் உண்மையைச் சொல்லியிருக்கிறது. கையை நம்பி அவர் கண்ணை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏறு" என்றார். திரும்ப ஷெட்டுக்கு வந்து, இடுப்பு வலி என்று சொல்லி, அன்றைய ஓட்டத்தை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்தார். இடுப்பு வலியை யாரும் சந்தேகப்படவில்லை.

வீட்டில் மனைவி தரையில் வெட்டிய துணிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். வந்தவர் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க? கம்பெனியை மூடிட்டாங்களா?"

"என் சட்டைக்கைப் பட்டனை நீ எப்பலேருந்து போட்டுவிடற?"

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "இதென்ன திடீர் விசாரணை? போன குளிருக்கு முன்னாடிலேருந்து இருக்கும். இந்த வயசுல ஆசையா வந்து கையை நீட்டறாரேன்னு நானும் போட்டுவிட்டேன்."

"ஆசையெல்லாம் இல்லை. எனக்குப் பட்டன் அகப்படல."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள்.

வலது கையில் ஒரு துணியை வைத்தாள். அவர் விரல்களால் தேய்த்தார்.

"பருத்தி. சட்டைத் துணி."

"சரி, இது?"

அவர் மறுபடி தேய்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பல வருஷமாக வேலையில் செய்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு, மனசை விரல் நுனிக்குக் கொண்டுவந்து பார்த்தார். "மெலிசா இருக்கு. உள்ளே வெச்சுத் தைக்கிற லைனிங்."

கண்ணைத் திறந்தார். கையில் ஒன்றுமே இல்லை. முதலில் வைத்தது மழைக்கோட்டுத் துணி. அது அவள் மடியில் கிடந்தது.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"போனா எழுதிக் கொடுத்துடுவார். எழுதிட்டா வண்டி ஏற விடமாட்டாங்க."

"ஏற வேண்டாமே. போதாதா இத்தனை வருஷம்?"

"ஏறாம என்ன பண்றது? எனக்கு வேற என்ன தெரியும்?"

"நான் இல்ல? காஜா எடுக்கக் கத்துத் தர்றேன், பட்டன் தெச்சுக் கொடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் அவருடைய கைகளைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவர்தான். ரொம்ப நேரம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது தராசு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் இருந்து அஞ்சு என்று சொல்லிவிட்டால் போதும். ஆள் ஏறினால் அதிருது மேடம், ரப்பர் இருக்கட்டும் என்றால் முடிந்தது. வண்டி தப்பித்துவிடும். இனிமேல் கைக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பார்த்து எண் சொல்லலாம். மூட்டையின் காலைக் கேட்டுச் சொல்லலாம். இன்னும் சில வருஷங்கள்தான். பாம்பும் சாகும், தடியும் உடையாது.

அவசரத்தின் நினைவு வந்தது. அவன் ஸ்கூட்டரில் இருந்தால் என்ன, ஸ்கூட்டரும் வண்டிதான் என்று அதைத் தள்ளிவிட்டார்.

பெட்டிகளை நிரப்பி, மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் சுற்றில் கண்ணாடியைப் பார்த்தார். அந்த வேகத்தில் வேலியெல்லாம் கரைந்து ஓடியது. கொஞ்சம் குறைத்ததும் தெளிந்தது. அஞ்சுகூட அதிகம், அவசரம் சொன்ன நாலுதான் சரி என்று மனசுக்குள் திருத்திக்கொண்டார். கண்ணால் எண் சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அடுத்தது ஈரப் பாதை. தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் அந்த இடத்தில், பாரத்தோடு பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரலை லீவர்மேல் போட்டு அழுத்தினார். பழக்கத்தில் எவ்வளவு அழுத்துவாரோ, அவ்வளவுதான் அழுத்துகிறோம் என்று நினைத்தார். வண்டியின் மூக்கு சடாரென்று தரைக்குப் போனது. மூட்டையின் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் வந்து மோதியது. சக்கரம் வழுக்கப் பார்த்து, வண்டி தானே சமாளித்து, நின்றது. அப்படிச் சமாளிக்கும்போது லீவர் விரலுக்கடியில் படபடவென்று துடிக்கும். அது துடித்திருக்க வேண்டும்.

"என்ன அண்ணே இப்படிப் பிடிக்கறீங்க? பின்னாடி இருக்கறது உண்மையிலேயே மணல் மூட்டைன்னு நினைச்சீங்களா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு." குரலில் விளையாட்டு இருந்தது. ஆனால் அவர் இடுப்பைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அந்த நடுக்கம் தராசுக்குத் தெரிந்தது. இடுப்புக்குத் தெரிகிறது. கைக்குத்தான் தெரியவில்லை.

வழக்கமான வண்டியாக இருந்திருந்தால் இரண்டு பேரும் தரையில் கிடந்திருப்பார்கள்.

மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து பாதை ஓரத்தில் நிறுத்தினார். இன்ஜினியர் காத்திருந்தாள். மேலிடத்துக்கு இன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும் என்ற பரபரப்பு அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

"சொல்லுங்கண்ணா. அதிர்வு எத்தனை?"

தராசு இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஐயோ, போடுங்கண்ணா, நம்பர் சொல்லாம கழட்டிட்டீங்க."

"என்கிட்ட நம்பர் இல்லை மேடம்."

"என்ன ஆச்சு?"

"வருஷக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து கை செத்துப்போச்சு. ரெண்டும்தான். ஒன்பதுன்னு சொன்னேனே, அது வண்டிக்கு இல்லை. எனக்கு ஒண்ணும் தெரியலைங்கறதுக்குக் கொடுத்த மார்க்கு அது. இப்ப பிரேக் பிடிச்சேன், லீவர் துடிச்சதுகூடத் தெரியல. இவனைக் கொல்லப் பாத்தேன்."

மூட்டை, "அவ்வளவெல்லாம் இல்லை மேடம்" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவள் பாதை ஓரத்துக் கல்மேல் உட்கார்ந்தாள். "எப்பலேருந்து அண்ணா?"

"தெரியாது. சட்டைப் பட்டன் அகப்படாம போனது, போன குளிருக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம் ரெண்டு வண்டி வெளிய போயிருக்கு. உங்க நம்பர்தான்."

"ஆமா."

"எல்லாத்தையும் மறுபடி எடுத்துப் பாக்கணும்." அவள் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மீட்டர் சொல்லிச்சு. அவசரமும் சொன்னான். நான்தான் கேக்கல. உங்க வார்த்தை இருக்கும்போது எதுக்குன்னு விட்டுட்டேன்." கோபப்பட்டிருந்தால் தராசுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் களைத்த குரலில்தான் பேசினாள். "டாக்டரைப் பாருங்க. அவர் சொல்ற வரைக்கும் வண்டி ஏற வேண்டாம். ஷெட் வரைக்கும்கூட வேண்டாம். சாவியைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அலுவலகம் பக்கம் நடந்தாள். ரப்பர் புஷ் என்ற வார்த்தை மட்டும் காற்றில் கேட்டது.

ஷெட்டுக்குப் போகிற வழி கொஞ்சம் ஏற்றம். நிரப்பிய டாங்கும் பெட்டிகளுமாக வண்டி ஒரு யானைக்குட்டி கனம் இருந்தது. தராசு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார், மூட்டை பின்னாலிருந்து தள்ளினான்.

"இத்தனை வருஷமா நீங்க என்னைச் சுமந்தீங்க. இப்ப நான் உங்க வண்டியைச் சுமக்கறேன். கணக்குத் தீர்ந்துபோச்சு அண்ணே."

"பேசாம தள்ளுடா. மூச்சு வாங்குது."

"என் உடம்பைக் குறைச்சிருந்தா இதைத் தள்ளத் தெம்பு இருக்குமா? சொல்லுங்க."

பாதியில் நின்று மூச்சு விட்டார்கள். அந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஷெட். வாசலில் நின்றிருந்த அவசரம் இவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"என்ன, வண்டி படுத்துடுச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் படுத்துட்டேன்" என்றார் தராசு. "என் கைக்கு உணர்ச்சி போயிடுச்சு. மேடம்கிட்ட சொல்லிட்டேன். உன் நாலுதான் சரி."

அவசரம் மூட்டையைப் பார்த்தான். மூட்டை தலையை ஆட்டினான். என்னமோ பெரிதாகச் சொல்லப்போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். அத்தனை நாளும் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து சேர்த்து வைத்தது ஏதோ இருந்திருக்கும். தராசு கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றார்.

"சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான் அவன். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "விடுங்க, முன்னாடி நான் பிடிக்கறேன். நீங்க பின்னாடி போய்த் தள்ளுங்க" என்றான்.

தராசு ஹேண்டில்பாரை விட்டார். விட்டுவிட்டோமா என்று கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பின்னால் போய், மூட்டைக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.